ரத்தம் பார்த்து நடக்கும் வேலை

அடிபட்ட மானைத் தேடிப் போகிற வேலையில் முக்கால்வாசி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்; மானைப் பார்ப்பது கடைசி ஐந்து நிமிடம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். நான் வனக் காவலர். நாகமலை புதுக்கோட்டைக்குப் பின்னால் உள்ள கரட்டுக் காடும் அதை ஒட்டிய வயல்களும் என் பொறுப்பு. வீடு கோச்சடையில். என் யூனிஃபார்மை மாமியார் தனி வாளியில்தான் ஊறவைப்பார், அதில் எப்போதும் ஏதாவது ஒன்றின் ரத்தம் இருக்கும் என்பதால். என்னுடன் வருகிறவன் மொக்கராஜ், வேட்டைத் தடுப்புக் காவலர். தற்காலிகப் பணி என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. பதினொரு வருடமாக அப்படியே போட்டிருக்கிறது.

நீங்களும் வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடியிருப்பீர்கள். "கடைசியா எங்க பாத்த?" என்று யாராவது கேட்டு உங்கள் உயிரை வாங்கியிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கேள்விதான் உத்தியோகம். ஆகவே நீங்களும் எங்கள் கட்சிதான், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நிழலில் உட்காரும் உத்தியோகம்

பைபாஸில் கார் மோதி ஒரு மான் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டது என்று டீக்கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். பத்தே நிமிடத்தில் போய்விட்டோம். ரத்தம் கிடந்த இடத்தை மொக்கராஜ் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம்.

அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது. விட்டுவிட்டால் அரைக் கிலோமீட்டருக்குள் எங்காவது படுத்துக்கொள்ளும். பின்னாலேயே போனால் நெஞ்சு வெடிக்கும்வரை ஓடும். குறைந்தது ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், அதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. இதை யாருக்கும் விளக்க முடியாது. டீக்கடைக்காரர் இரண்டு தடவை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, மானு சாகக் கெடக்குதுன்னு நான் போன் போட்டேன். நீங்க வந்து நெழல்ல ஒக்காந்து டீ கேக்குறீக."

நுரைக்காத சிவப்பு

எங்கள் பையில் எப்போதும் ஒரு பாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். காதில் அழுக்கெடுக்க ஊற்றுவார்களே, அதேதான். சிவப்பாக எதைப் பார்த்தாலும் ஒரு சொட்டு விட வேண்டும். வெள்ளையாக நுரைத்தால் ரத்தம். ஒருநாள் பாட்டில் தீர்ந்திருந்தது, வாங்க மறந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து நாய் கடித்த மான் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

வரப்பில் அருமையான தடம். பத்தடிக்கு ஒரு சிவப்பு. மொக்கராஜுக்குச் சளி, மோப்பம் வேலை செய்யவில்லை. முக்கால் மணி நேரம் குனிந்தபடியே நடந்து, ஒரு பம்ப்செட் அறையின் வாசலில் போய் முடிந்தோம். உள்ளே ஒருவர் வெற்றிலை மென்றபடி மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். யூனிஃபார்மைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். வெளியே எட்டிப் பார்த்து, தூரத்தில் ரோட்டில் நின்ற ஜீப்பையும் பார்த்து, வாயில் இருந்ததை மரியாதையாக விழுங்கிவிட்டுக் கேட்டார். "நான் துப்புனதுக்கெல்லாமா ஜீப்புல வாரீங்க?"

ஏழு மணிக் குரல்

இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போன். ஆண் குரல், நடுத்தர வயது. மலைக்குப் பின்னால் பிளாட் போட்ட இடத்தில் ஒரு பெட்டை மான் உடம்பில் அம்போடு திரிகிறது, நேற்றுக் காலையில் மலைப் பக்கம் ஓடியது என்று சொன்னார். பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார். கண்ணி பார்த்திருக்கிறேன், நாட்டுத் துப்பாக்கி பார்த்திருக்கிறேன், கிணற்றில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்பு பார்த்ததில்லை. இந்தக் காலத்தில் மதுரையில் வில்லோடு யார் அலைகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

கால்நடை மருத்துவர் ரஹ்மத்துல்லாவுக்குப் போன் செய்தேன். பழைய நகரத்துக்காரர், எங்கள் சரகத்தில் காயம்பட்ட எதற்கும் அவர்தான் வருவார். மயக்க ஊசித் துப்பாக்கி வேறொரு ஊரில் இருக்கிறது, நாளைக் காலைதான் கொண்டுவர முடியும் என்றார். இந்த வெயிலுக்குக் காயத்தில் இன்றே புழு வைக்கும். நாளைக்குள் கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு தேட வேண்டாம், நாற்றம் பிடித்துப் போனாலே போதும் என்றும் சொன்னார். ஆக, கையில் இருந்தது ஒரு நாள். ஜீப் கிளம்பும்போது அதே எண்ணிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. காலையில் பேசிய அதே குரல், ஒரே ஒரு கேள்வி. "செத்துருச்சாம்மா?"

வட்டச் சொட்டு

அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முகப்பில் சிமெண்ட் வளைவு, அதில் ஏதோ ஒரு நகரின் பெயர், பாதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. உள்ளே நேர்நேராகத் தார் ரோடு, பல்பு இல்லாத விளக்குக் கம்பங்கள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள். வீடு மட்டும் இல்லை. கடைசித் தெருவில் ஒன்றே ஒன்று இருந்தது, போய்த் தட்டினோம், யாரும் திறக்கவில்லை. அந்தத் தெருமுனையில்தான் முதல் ரத்தம். ஈரமாக, எட்டணா அளவுக்கு, நல்ல வட்டமாக.

ஓடுகிற விலங்கின் ரத்தத்துக்கு வால் இருக்கும், அது போகிற திசையைக் காட்டும். நடக்கிற விலங்கின் ரத்தம் வட்டமாக விழும், திசை சொல்லாது. நாங்கள் யோசிக்கவே இல்லை. அடிபட்ட மான் ஆளில்லாத பக்கம்தான் போகும், மலை அங்கே இருக்கிறது, போன் செய்தவரும் அப்படித்தான் சொன்னார். ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்துச் செடியில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டியபடி நடந்தோம். மானின் தடம் எல்லைக் கற்களுக்கு நடுவே, ரோட்டோடு ரோடாக, முனை வந்தால் திரும்பி, யாரோ வழி தெரிந்தவர் நடந்த மாதிரி போயிற்று.

பிளாட் தாண்டியதும் பொட்டல். ஒரு புதரடியில் படுத்து எழுந்த அடையாளம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மணி பதினொன்று, காற்றே இல்லை. மொக்கராஜ் ஒவ்வொரு சொட்டையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். முதலில் விரல் சிவந்தது. பிறகு ஒட்டியது. பிறகு வெறும் பொடி உதிர்ந்தது. அவன் நின்று, நாங்கள் கட்டிக்கொண்டு வந்த துணி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். முகம் சரியில்லை. "அக்கா, போகப் போக ரத்தம் பழசாகுது."

கடைசி ரத்தம்

மலையடிவாரத்தில் புல் நசுங்கிக் கிடந்த இடத்தில் தடம் முடிந்தது. ரத்தம் கறுத்து எறும்பு மொய்த்திருந்தது. பாறை இடுக்கில் ஒடிந்த பாதி அம்பு, கரி நிறத்தில், வாலில் பிளாஸ்டிக் இறகுகள். உரசி உரசி ஒடித்திருக்கிறது. அந்த மான் நேற்று இருந்த இடத்துக்கு நாங்கள் இன்று மதியம் வந்து சேர்ந்திருந்தோம். அது ராத்திரி முழுக்க, படுத்துப் படுத்து எழுந்து, பிளாட் போட்ட பக்கம் நடந்திருக்கிறது. அப்படி ஒரு மான் நடந்து நாங்கள் இருவரும் பார்த்ததில்லை. அரை நாள் வீண். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பத் துணிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, தெருமுனைக்கு அப்பால் கருவேலம் புதர் ஓரம் ஒரு புதுச் சொட்டைக் கண்டபோது மாலை ஐந்தரை. அதற்கு மேல் இல்லை. கடைசி ரத்தத்தில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும், மற்றவர் வட்டம் அடித்துத் தேட வேண்டும். நிற்பவர் நகர்ந்தால் இடம் தொலைந்துவிடும். நான் நின்றேன், மொக்கராஜ் போனான். கொஞ்ச நேரத்தில் மயில் கத்துவது நின்றது. பின்னால் ஏதோ மூச்சு விடுகிற சத்தம். இனிப்பாக ஒரு நாற்றம், பழுத்த புண்ணின் நாற்றம். திரும்பிப் பார்த்திருக்கலாம், விதியில் தடை ஒன்றும் இல்லை. பயம், அவ்வளவுதான். காலடியில் இருந்த சொட்டையே பார்த்தபடி நின்றேன்.

மொக்கராஜ் வந்தான். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தான். மூன்று எட்டில் குளம்புத் தடம், நான்கு கால்களும் பக்கம் பக்கமாக, நெடுநேரம் நின்ற மாதிரி ஆழமாக. நடுவில் ஒரு சொட்டு, இன்னும் பரவிக்கொண்டிருந்தது. "நம்ம அதைத் தேடுறோம்க்கா. அது வந்து ஒங்களப் பாத்துட்டுப் போயிருக்கு."

ஆறு மணி

அப்போதுதான் போன் அடித்தது. அதே ஆள், இந்த முறை ரகசியமாகப் பேசினார். "வந்து நிக்கிதும்மா." எங்கே என்று கேட்டேன். "எங்க வீட்டுக் கேட்டுல." காலையில் தட்டித் திறக்காத அந்த ஒற்றை வீடு. ஓடாமல் நடந்து போனோம்.

மான் கேட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. பின்தொடையில் ஒடிந்த அம்பின் மிச்சம் துருத்திக்கொண்டிருந்தது. நாங்கள் நாற்பதடியில் உட்கார்ந்துவிட்டோம். ஊசி இல்லாமல் கையால் பிடிக்கப் போனால் அந்தப் பயத்திலேயே செத்துவிடும், அதனால் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்தது. ஒருமுறை கேட் கம்பிகளுக்கு நடுவே வாயை வைத்தது. பத்து நிமிடம் கழித்து நொண்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

அதன்பிறகுதான் கதவு திறந்தது. பெயர் தவமணி, ஐம்பது வயது இருக்கும். வெளிநாட்டில் பதினைந்து வருடம் வேலை பார்த்த காசில், பக்கத்துப் பிளாட்காரர்களும் கட்டுவார்கள் என்று நம்பி முதலில் வீடு கட்டியவர். யாரும் கட்டவில்லை. மனைவி அவனியாபுரத்தில் மகளோடு இருந்துவிட்டார், இவர் மட்டும் இங்கே. வழி தவறி வந்த மானுக்கு எவர்சில்வர் தட்டில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து, கரண்டியால் தட்டினால் வருகிற அளவுக்குப் பழக்கியிருக்கிறார். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. சொல்லும்போது கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்துல இருந்து நான் தட்டவே இல்லம்மா. ஆனாலும் நேரத்துக்கு வந்து நிக்கிது."

ஹாலில் மாட்டியிருந்தது

வில்லை அவர் ஒளித்து வைக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. சக்கரம் வைத்த புது மாதிரி வில், போனில் ஆர்டர் போட்டு வாங்கியது. காலி பிளாட்டில் மணல் மூட்டையைக் குறிவைத்துப் பொழுதைப் போக்கியிருக்கிறார். மொக்கராஜ் உறையிலிருந்த அம்புகளை எண்ணிப் பார்த்து, எங்கள் பையில் இருந்த பாதி அம்பை வெளியே எடுத்து மேசையில் வைத்தான். தவமணி மறுக்கவே இல்லை.

ஏன் என்று கேட்டேன். கறிக்கா, யாராவது சொன்னார்களா, தோட்டத்தை மேய்ந்ததா? எதற்கும் தலையாட்டவில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம் போலத் தட்டியிருக்கிறார், அது வழக்கம் போல வந்து தின்றிருக்கிறது. சமையலறை ஜன்னலில் நின்றிருந்தார், வில் கையில் இருந்தது. அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும். எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து நின்று சொன்னார். "கூப்பிட்டா வரும்னு தெரியும்மா. அடிச்ச பெறகும் வரும்னு தெரியாது."

அதே ஜன்னல்

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு டாக்டர் துப்பாக்கியோடு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊசி தவறாமல் படுவதற்குச் சமையலறை ஜன்னல்தான் சரியான இடம் என்றார். மான் ஜன்னலுக்கு நேரே வந்து தலை குனிந்து நிற்க வேண்டும். அதற்கு ஒரே வழி தட்டு. தவமணியிடம் சொன்னோம். சுவரோடு சாய்ந்துகொண்டார். "என்னால ஆகாதும்மா. மறுபடியும் கூப்பிட்டு மறுபடியும் அடிக்கிறதா?"

நான் கோபப்பட்டேன். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பேசக் கூடாத வார்த்தை ஒன்றும் வந்துவிட்டது. அன்றைக்கு வராத யோசனை இன்றைக்கு எங்கிருந்து வந்தது, தட்டை எடுங்கள் என்றேன். எடுத்தார். புண்ணாக்குத் தட்டை ஜன்னலுக்கு நேரே வைத்துவிட்டு, வாசலோரம் நின்று இன்னொரு தட்டைக் கரண்டியால் தட்டினார். தாளம் தப்பித் தப்பிக் கேட்டது. நான்காவது தட்டில் புதர் அசைந்தது. மூன்று காலில் வந்தது. திறந்திருந்த கேட்டைத் தாண்டி, ஜன்னலுக்கு நேரே வந்து, தட்டில் வாயை வைத்தது. டாக்டர் சுட்டார்.

ஊசி பட்ட மான் புதருக்குள் பாயும், மருந்து ஏறும்வரை காத்திருந்து தேட வேண்டும் என்று துணிக் கிழிசலைக்கூடத் தயாராக வைத்திருந்தோம். அது பாய்ந்தது. வெளியே இல்லை. வாசலில் தட்டோடு நின்ற தவமணியிடம் போய், அவருடைய வேட்டியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, நடுங்கியபடி நின்று, மெல்ல முன்னங்காலை மடக்கியது. அவர் சத்தமில்லாமல் அழுதார். அம்பு முனையை வெட்டி எடுத்து, புழுவைக் கழுவி, கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் டாக்டர் வாய் திறந்தார். "இருபது வருஷமா ஊசி போடுறேன் மேடம். ஆபத்துன்னதும் அடிச்ச ஆள் பக்கமே ஓடுன மிருகத்த இப்பத்தான் பாக்குறேன்."

விரட்டும் பயிற்சி

ஜீப்பில் தவமணியை ஏற்றிக்கொண்டுபோய் வழக்குப் பதிந்தோம். மான் பிழைத்தது. எங்கள் அடைப்பில் வைத்து வைத்தியம் பார்த்ததில் மூன்று வாரத்தில் கால் ஊன்றியது. ஆனால் டாக்டர் மலையில் விடச் சம்மதிக்கவில்லை. மனிதனைக் கண்டால் ஓடாத மான் மலையில் ஒரு வாரம் தாங்காது, இன்னொருவன் கூப்பிட்டாலும் போய் நிற்கும் என்றார். முதலில் அது எங்களுக்குப் பயப்பட வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏற்பாடு என்றால் என்ன? தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். அது காதை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் வரும். பக்கத்தில் வந்ததும் மொக்கராஜ் தகர டின்னை அடித்துக் கத்துவான், மண்ணாங்கட்டியை எறிவான். அது ஓடிப்போய் மூலையில் நிற்கும். அடுத்த வேளை தட்டினால் மறுபடி வரும். எட்டு நாள் அப்படி வந்தது. தவமணி ஒரு தடவை செய்ததை நாங்கள் நாளுக்கு இரண்டு தடவை செய்கிறோம் என்று மொக்கராஜிடம் சொன்னேன், அவன் டின்னின் நெளிவைத் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் காலை தட்டினேன். எழுந்தது. இரண்டு எட்டு வைத்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. முன்பு பார்த்த பார்வை இல்லை, யாரென்றே தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. அப்படியே திரும்பி, அடைப்பின் கடைசிக் கம்பிவரை ஓடி, உடம்பெல்லாம் நடுங்க நின்றது. மொக்கராஜ் டின்னைக் கீழே வைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "தேறிருச்சுக்கா. இனிமே யாரு கூப்பிட்டாலும் வராது."

விடுவிக்கும் படிவத்தில் 'விலங்கின் நிலை' என்ற இடத்தில் 'மனிதரைக் கண்டால் மிரண்டு ஓடுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன், மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் 'பூரண குணம்' என்று முத்திரை குத்தினார்.